வண்டியின் எலும்புக்குள் துரு

அம்மி, ஆட்டுக்கல், பித்தளை அண்டா என்று பாட்டி காலத்துச் சாமான்கள் சேர்ந்திருப்பதைப் போல, சில வீடுகளில் ஒரு பழைய மோட்டார் காரும் சேர்ந்துவிடுகிறது. மாமனார் ஆசைப்பட்டு வாங்கியது. கல்யாணமாகி வந்த மருமகளை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்தது. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனதும் அதில்தான். இப்போது ஷெட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. விற்க மனம் வரவில்லை. ஓட்டத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுக்காரர் அதன் மேலே மெழுகு பூசிப் பளபளவென்று தேய்த்துவிட்டு, "இன்னும் இருபது வருஷத்துக்குக் கவலையில்லை" என்கிறார்.

கவலை உண்டு, சகோதரி! அவர் தேய்ப்பது வண்டியின் தோலை. துரு பிடிப்பது அதன் எலும்பில். அதுவும் எலும்புக்கு உள்ளே.

"கார் சமாசாரம் எனக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது என்ஜின் சமாசாரம் அல்ல. அழுக்கு எடுப்பது, அலசுவது, உலர்த்துவது, எண்ணெய் தடவி வைப்பது ஆகிய நான்கும்தான் இதில் வேலை. இந்த நான்கிலும் நமக்குப் பாடம் சொல்லத்தக்க மெக்கானிக் இனிமேல்தான் பிறக்க வேண்டும். வண்டிக்குக் கீழே படுத்து எழுவதை வேறு யாராவது செய்யட்டும். எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால், பணமும் மிஞ்சும். அந்த வண்டியில் ஏறும் குழந்தைகளுக்கும் ஆபத்தில்லை.

சென்னையில் பிறந்த வண்டி

உதாரணத்துக்கு நம் ஊர் வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1960-களில் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்த 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' பலருக்கு நினைவிருக்கும். சின்னதாக, அடக்கமாக, 948 ஸி.ஸி. என்ஜினோடு மவுண்ட் ரோடில் ஓடிய வண்டி அது. முதலில் இரண்டு கதவுகளோடு வந்தது; 1968-க்குப் பிறகு நான்கு கதவுகள். இதன் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே 1959-ல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் அறிமுகமாயிற்று. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிச்சலாட்டி.

இந்த வண்டியின் உடலமைப்புக்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான கதை இருக்கிறது. அந்தக் காலத்தில் மற்றக் கம்பெனிகளெல்லாம் கூடும் எலும்பும் ஒன்றாகச் சேர்ந்த உடலுக்கு மாறிக்கொண்டிருந்தன. பின்னாளில் நம் தெருக்களை ஆண்ட அம்பாஸடர் அந்த வகைதான். ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம், 1953-ல் போட்டிக்காரர்களான பி.எம்.ஸி.யின் கைக்குப் போய்விட்டது. பால்காரர் எதிர்வீட்டுச் சம்பந்தியான மாதிரி ஆகிவிட்டது நிலைமை! இனி அவர்களை நம்ப முடியாது. ஆகவே, கீழே தனியாக ஒரு இரும்புச் சட்டம். அதன் மேலே துண்டு துண்டாகச் செய்த உடலைப் போல்ட் போட்டு முடுக்குவது என்று பழைய வழிக்கே ஹெரால்டைக் கொண்டுபோனார்கள்.

மெக்கானிக்குகள் 'சேஸி' என்று சொல்வது இந்தச் சட்டத்தைத்தான். வண்டியின் நடுவே முன்னும் பின்னுமாக ஓடும் இரண்டு முக்கிய உத்தரங்கள். அவற்றிலிருந்து இரு பக்கமும் நீளும் கைகள். கைகளின் நுனியில் பக்கச் சட்டங்கள். மீன் முள்ளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அந்த மாதிரி. என்ஜின், சக்கரங்களைத் தாங்கும் வில்கள், நீங்கள் உட்காரும் ஆசனம் எல்லாம் கடைசியில் இதன்மேல்தான் நிற்கின்றன.

இந்த உத்தரங்கள் கெட்டியான இரும்பு அல்ல. தகட்டை மடித்து, ஒட்டிச் செய்த நீளப் பெட்டிகள். உள்ளே வெற்றிடம். எடையில்லாமல் பலம் வேண்டுமென்றால் இதுதான் வழி, மூங்கிலைப் பாருங்கள்! ஆனால் மூங்கிலுக்குள் சேறு போவதில்லை. சேஸிக்குள் போகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

மழை நாளில் சக்கரம் வாரியடிக்கும் சேறும் மணலும், சின்னச் சின்னத் துவாரங்கள் வழியாக இந்தப் பெட்டிகளுக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. தண்ணீர் வடிவதற்கென்று அடியில் துவாரங்கள் உண்டு. சேறு அவற்றை அடைத்துவிட்டால், குளியலறை ஜலதாரையில் தலைமயிர் சிக்கிய கதைதான். உள்ளே ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். வெளியே பெயிண்டு உண்டு. உள்ளே, தொழிற்சாலையில் பட்டதுபோக, பாதுகாப்பு குறைவு. இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் கூடினால் துரு. உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இங்கிலாந்தில் குளிர் காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள். சென்னையில் அந்த வேலையைக் கடற்காற்று இலவசமாகச் செய்துவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் புயல் மழையிலும் மூழ்கிய வண்டிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் ஆசனத்துக்கு ஏறியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். சேஸிக்குள் படிந்த வண்டலை யார் பார்த்தார்கள்?

துருவைப் பற்றி ஒரு விஷயம். இரும்பு துருவானால் பருமன் பல மடங்கு பெருகும். அரிசி பொரியான மாதிரி. அதனால் உள்ளேயிருந்து அப்பளம் அப்பளமாகத் துரு விழுந்தால், "அவ்வளவு இரும்பும் போயிற்றே!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொள்ள வேண்டாம். போனது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதே சமயம், இந்தப் பெருக்கத்துக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. இரண்டு தகடுகள் ஒட்டிய மூட்டுக்குள் துரு புகுந்தால், பருத்துப் பருத்து அந்த ஒட்டையே பிளந்துவிடும்.

ஹெரால்டில் முதலில் கெடுவது கைகளும், பக்கச் சட்டங்களும், வண்டியின் பின்பகுதியும். முன்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஏன் தெரியுமா? பழைய என்ஜின் ஓயாமல் எண்ணெய் சொட்டிச் சொட்டிச் சேஸியை நனைத்து வைத்திருக்கும்! ஒழுகலிலும் ஒரு நன்மை. அந்த நன்மையை மற்ற இடங்களுக்கும் ஒழுங்கான முறையில் செய்வதுதான் நாம் கடைசியில் செய்யப்போகும் வேலை.

முதலில் பரீட்சை

சுத்தம் செய்யப் புகுமுன், சுத்தம் செய்வதற்கு அங்கே இரும்பு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வண்டியைச் சமதரையில், சிமெண்டுத் தளத்தின் மேல் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியால் தூக்கியவுடன் இரும்பு ஸ்டாண்டுகளில் இறக்கி உட்கார வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கீழே போகக் கூடாது. ஹாலோ பிளாக் செங்கல், மரப்பெட்டி இவற்றின் மேலும் நிறுத்தக் கூடாது. நான் எத்தனை சொன்னாலும் போதாத வார்த்தை இது. ஜாக்கி சறுக்கினால் அடுத்த நிமிஷம் என்று ஒன்று இல்லை. துருப்பிடித்த கையின் அடியில் ஜாக்கியைக் கொடுப்பதும் அபாயம். முக்கிய உத்தரத்தின் அடியில் கொடுக்க வேண்டும்.

தூக்கும்போதே ஒரு பரீட்சை நடந்துவிடும். கதவுக்கும் உடலுக்கும் இடையே உள்ள சந்தைக் கவனியுங்கள். ஜாக்கி ஏற ஏற அந்தச் சந்து அகன்றாலோ குறுகினாலோ, கீழே எலும்பு வளைகிறது என்று அர்த்தம். அத்தோடு நிறுத்தி, நல்ல வெல்டிங் வேலைக்காரரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிறோம் அல்லவா? அதே வித்தைதான். சின்னச் சுத்தியால் சேஸியை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு 'ணங்' என்னும். கெட்ட இடம் 'தொப்' என்னும். 'தொப்' என்ற இடத்தில் மழுங்கிய ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பார்க்கலாம். உள்ளே இறங்கினால் அங்கே இருப்பது இரும்பல்ல, இரும்பின் ஞாபகம்!

காந்தம் ஒன்றும் கையில் இருக்கட்டும். மெல்லிய துணியில் சுற்றி, பெயிண்டின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் யாரோ ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயிண்டு அடித்திருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு இந்த ஒரு காந்தம் ஆயிரம் சாட்சிக்குச் சமானம்.

பழங்காலத்தில் இல்லாத வசதி ஒன்று இன்று வந்திருக்கிறது. வயிற்றுக்குள் பார்க்க டாக்டர்கள் வைத்திருப்பது போன்ற எண்டாஸ்கோப் காமிரா, பென்சில் தடிமனில், நீண்ட வயரோடு, கைபேசியில் இணைத்துப் பார்க்கும்படியாகக் கடைகளில் கிடைக்கிறது. நுனியில் விளக்கும் உண்டு. துவாரம் வழியாக அதை உள்ளே செலுத்தினால், ஐம்பது அறுபது வருஷமாக மனிதக் கண் படாத இடத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்காரர் "சுத்தமாக்கிவிட்டேன் அம்மா" என்று சொன்னால், படம் அதை ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிடலாம்.

காய்ந்த அழுக்கு முதலில், தண்ணீர் பிறகு

வீடு கழுவும்போது முதலில் பெருக்குகிறோம், பிறகுதான் தண்ணீர் ஊற்றுகிறோம். பெருக்காமல் ஊற்றினால் குப்பையெல்லாம் சேறாகி மூலையில் அப்பிக்கொள்ளும். சேஸிக்கும் அதே நியாயம்.

முதலில் எல்லாத் துவாரங்களையும் திறக்க வேண்டும். சிலவற்றில் ரப்பர் அடைப்பான்கள் இருக்கும். அவற்றைக் கழற்றி, எது எந்த இடம் என்று சீட்டு எழுதிப் போட்டு வையுங்கள். அடைத்துக்கொண்ட துவாரங்களைக் கெட்டியான கம்பியால் குத்தி விடலாம். புதிதாகத் துவாரம் போடுகிறேன் என்று யாராவது டிரில்லிங் மெஷினோடு வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். கண்ட இடத்தில் துளைத்தால் சட்டத்தின் பலம் குறைந்துவிடும்.

பிறகு, மரச் சுத்தியால் வெளியே தட்டிக்கொண்டே வந்தால், உள்ளே ஒட்டியிருக்கும் செதில்கள் உதிரும். சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றை எடுத்து, அதன் நுனியைப் பிரித்துத் துடைப்பம் மாதிரி விரித்து, மறு நுனியை டிரில்லிங் மெஷினில் மாட்டி, துவாரத்துக்குள் விட்டு மெதுவாகச் சுற்ற வைக்கலாம். நீளமான உத்தரமாக இருந்தால், ஒரு துவாரத்தில் கயிறு விட்டு இன்னொன்றில் எடுத்து, அதில் சின்னச் சங்கிலியைக் கட்டி, இரண்டு பேர் எதிரெதிரே நின்று முன்னும் பின்னும் இழுக்கலாம். தயிர் கடைகிற மாதிரி! சங்கிலி உள்சுவரை உரசி உரசிச் செதிலைப் பெயர்த்துவிடும். உதிர்ந்ததை, வாக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி உறிஞ்சி எடுங்கள். ஒரு பழைய வண்டியிலிருந்து வாளிக் கணக்கில் மண் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இந்த வேலை நடக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கும் வாய்க்கும் நல்ல முகமூடி, கைக்கு உறை மூன்றும் கட்டாயம் வேண்டும். அந்தக் காலத்துப் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருப்பதுண்டு. அந்தத் தூள் குழந்தைகளுக்கு விஷம். ஆகவே வேலை முடியும்வரை குழந்தைகள் அந்தப் பக்கம் வரவேண்டாம். உதிர்ந்ததை ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். பெருக்கிப் பறக்கவிடக் கூடாது. வேலை செய்த உடைகளையும் தனியாகத் துவையுங்கள். துரு கிழித்தால் தனுர்வாயு வரும் என்று பயப்படுகிறோம். உண்மையில் அந்த நோயைத் தருவது துரு அல்ல, மண்ணில் இருக்கும் கிருமி. சேஸிக்குள் மண் நிறைய இருக்கிறதே! கீறல் பட்டால் அலட்சியம் செய்யாமல் கழுவி, டாக்டரிடம் காட்டி, ஊசி அவசியமா என்று கேளுங்கள்.

இனித் தண்ணீர். வண்டியின் ஒரு முனையைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டால் தண்ணீர் தானாகத் தாழ்ந்த பக்கம் ஓடும். உயர்ந்த முனையின் துவாரத்தில் மெல்லிய குழாயை விட்டு, மிதமான வேகத்தில் பாய்ச்சுங்கள். கீழே வாளி வைத்துப் பிடியுங்கள். முதலில் வருவது காவி, அடுத்தது டிகாக்ஷன், பிறகு நீர்த்த காப்பி, கடைசியில் தெளிந்த நீர். தெளிந்த நீர் வரும் வரையில் விடக் கூடாது. உப்பைக் கரைத்து வெளியேற்றுவது தண்ணீர்தான் என்பதால், கடலோர வண்டிக்கும் வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் இந்த அலசல் மிக அவசியம். கிணற்று நீர் உப்பாக இருக்கும் பேட்டைகளில் இதற்கு மட்டும் நல்ல தண்ணீர் உபயோகியுங்கள்.

உலர்த்துவதில்தான் சூட்சுமம்

இவ்வளவும் செய்துவிட்டு, ஈரத்தோடு மூடிவைத்தால் செய்யாமலே இருந்திருக்கலாம்! அப்போதுதான் சுரண்டிய இரும்பு ஈரம் பட்டால் ஒரே இரவில் மஞ்சள் பூத்துவிடும். ஆகையால் இந்த வேலைக்குக் காலம் பங்குனி, சித்திரை, வைகாசி. ஐப்பசியில் ஆரம்பிக்கவே வேண்டாம்.

கம்ப்ரஸர் காற்றால் தண்ணீரை ஊதித் தள்ளிவிட்டு, மூன்று நான்கு நாள் வெயிலில் நிறுத்துங்கள். தலைமயிர் உலர்த்தும் மெஷினால் ஒரு துவாரத்தில் வெந்நீர்ப் பக்குவத்துக்குச் சூடான காற்றைச் செலுத்தி, மறு துவாரத்தில் வெளியேற விடலாம். காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கம்பியின் நுனியில் பழைய வேஷ்டித் துணியைச் சுற்றி உள்ளே விட்டு, மூலை முடுக்கெல்லாம் தடவி வெளியே எடுங்கள். துணி முறமுறவென்று வந்தால் சரி. சற்றுக் குளிர்ந்தாலும் இன்னொரு நாள் வெயில். கம்ப்ரஸர் காற்றை யார் உடம்பின் மேலும் விளையாட்டாகக்கூட அடிக்கக் கூடாது. கண் போய்விடும்.

செய்யவே கூடாதவை மூன்று

முதலாவது, ஆசிட். "குளியலறைக்கு ஊற்றும் ஆசிட்டை விட்டால் துருவெல்லாம் ஓடிப்போகும்" என்று சொல்கிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். துரு ஓடும், உண்மைதான். ஆனால் மூடிய பெட்டிக்குள் தகடுகள் ஒட்டிய சந்துகளில் ஆசிட் புகுந்துகொண்டால், எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் முழுதும் வெளியே வராது. அங்கேயே இருந்து இரும்பைத் தின்னும். அதன் ஆவியும் மார்புக்குக் கெடுதல். எலுமிச்சை உப்பு, வினிகர் போன்ற மிதமான புளிப்புகளையும் சேஸிக்குள் ஊற்ற வேண்டாம். கழற்றி எடுத்த சின்னப் பாகங்களை மட்டும் அவற்றில் ஊற வைக்கலாம்.

அப்படி ஊற வைக்க இன்னொரு நல்ல சரக்கு, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்பாகு. மொலாசஸ் என்பார்கள். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது, பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, பிளாஸ்டிக் டிரம்மில் பாகங்களைப் போட்டு, வாரம் இரண்டு விட்டால் துருவை மட்டும் தின்றுவிட்டு இரும்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். வாடை மட்டும் அக்கம்பக்கத்தாரோடு சண்டை மூட்டிவிடும். கொல்லையின் கோடியில் வையுங்கள். அலுமினியப் பாகங்களை இதில் போடக் கூடாது.

இரண்டாவது, பெட்ரோலும் மண்ணெண்ணெயும். "பெட்ரோல் விட்டு அலசினால் அழுக்கும் போகும், சீக்கிரம் உலரும்" என்பார்கள். மூடிய பெட்டிக்குள் பெட்ரோல் ஆவி தங்கிவிடும். மறுநாள் அங்கே வெல்டிங் பொறி ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை.

மூன்றாவது, துருவின் மேலேயே தார் பூசுவது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மழைக்கு முன்னால் வண்டியை ஓர் ஒர்க் ஷாப்பில் விட்டார்கள். அங்கே வாட்டர் சர்வீஸ் செய்து, மறுநாளே அடிப்பக்கம் முழுதும் கறுப்புத் தார்க் கலவையைக் கனமாகப் பூசித் தந்தார்கள். பார்க்கப் புது வண்டியாட்டம் இருந்தது. வடியும் துவாரங்களும் சேர்த்து அடைபட்டுவிட்டன என்பது யாருக்கும் தெரியவில்லை. உள்ளே நின்ற ஈரம் வெளியேற வழியின்றி இரண்டு வருஷம் வேலை செய்தது. ஒரு நாள் கதவு மூடவில்லை என்று கீல் பார்க்கப் போனார்கள். கீல் நன்றாகத்தான் இருந்தது. அதைத் தாங்கிய பக்கம் கீழே இறங்கியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் தாரைச் சுரண்டியபோது, தாரோடு தகடும் கையில் வந்தது. நல்ல வேளையாக அது வீட்டு வாசலில் தெரிந்தது, ஜி.எஸ்.டி. ரோடில் போகும்போது தெரியவில்லை.

கடைசியில் எண்ணெய்க் காப்பு

இரும்பு தோசைக்கல்லை எப்படிப் பாதுகாக்கிறோம்? கழுவி, அடுப்பில் வைத்து உலர்த்தி, எண்ணெய் தடவி வைக்கிறோம். எண்ணெய்ப் படலம் ஈரத்தையும் காற்றையும் இரும்பை அண்டவிடாது. சேஸிக்குச் செய்வதும் அதேதான். இதற்கென்றே 'கேவிட்டி வாக்ஸ்' என்ற மெழுகுத் திரவம் விற்கிறது. நீண்ட மெல்லிய குழாயும், எல்லாப் பக்கமும் தெளிக்கும் நுனியும் அதோடு வரும். குழாயை உத்தரத்தின் கடைசி வரை செலுத்தி, தெளித்துக்கொண்டே மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வெயில் நாளில் செய்தால் மெழுகு இளகி, சந்துகளுக்குள் தானே ஊர்ந்து போகும். முதலில் நீர்த்த பூச்சு, அது பிடித்துக்கொண்ட பிறகு கனமான பூச்சு என்று இரண்டு தடவை செய்வது சிலாக்கியம்.

மெழுகுக்கு முன்னால், துருவை மாற்றும் மருந்து பூசலாமா என்று கேட்பீர்கள். அழுத்தமாக ஒட்டியிருக்கும் துருவைக் கறுப்பான, கெட்டியான பூச்சாக மாற்றும் திரவங்கள் உண்டு. அவற்றில் ஒரு வகைக்கு ஆதாரம் துவர்ப்புச் சத்து. வாழைக்காயை அரிவாள்மணையில் நறுக்கினால் இரும்பும் கையும் கறுத்துப்போகின்றன அல்லவா? கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் அதே ரசாயனந்தான். வெளிப்புறத்துக்கும், கை எட்டும் இடங்களுக்கும் இது நல்லது. எட்டாத உட்புறத்துக்கு நன்றாக உலர்த்திய பின் மெழுகே போதும்.

பழைய என்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கமும் இருந்தது. அதில் தோலுக்குக் கெடுதலான பொருள்கள் உண்டு, ரப்பரையும் கெடுக்கும், தரையெல்லாம் சொட்டும். வேண்டாம். மெழுகு அடிக்கும்போது பிரேக் டிரம்களையும் புகைக்குழாயையும் பழைய துணியால் மூடிவையுங்கள். பிரேக்கில் மெழுகு பட்டால் வண்டி நிற்காது. வேலை முடிந்ததும் வடியும் துவாரங்களில் கம்பியை விட்டுத் திறந்துவிடுங்கள். மெழுகு அவற்றையும் அடைத்திருக்கும்!

வரிசை மாறக் கூடாது

சுத்தம், பரிசோதனை, வெல்டிங், மெழுகு. இந்த வரிசையை ஒரு சீட்டில் எழுதி ஷெட் சுவரில் ஒட்டிவிடுங்கள். மெழுகு பூசிய பிறகு வெல்டிங் செய்தால் தீப்பிடிக்கும். பரிசோதிக்காமல் மெழுகு பூசினால் ஓட்டைக்குப் பட்டுத் துணி போர்த்திய கதை. வெல்டிங் செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டாங்க்கையும் கழற்றி அப்பால் வைக்க வேண்டும். பக்கத்தில் மணல் வாளியும் தீயணைக்கும் கருவியும் இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரம் யாராவது ஒருவர் வண்டியருகே காவல் இருக்கட்டும். சேஸியை வெட்டி ஒட்டுவதானால், வெட்டுமுன் இரு பக்கமும் முட்டுக் கொடுக்கத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுங்கள். கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் வண்டி ஆயுள் முழுதும் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

இன்னொன்று. சேஸி எண் பொறித்த இடத்தையும் தகட்டையும் முதலிலேயே படம் எடுத்துவிட்டு, சாணை மெஷின் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் அழிந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படாத பாடு பட வேண்டும். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது கடந்து, அசல் உருவம் மாறாமலிருக்கும் கார்களை 'விண்டேஜ்' வண்டியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிவானதைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினமும் கறிகாய் வாங்கப் போகக் கூடாது.

தனிச் சேஸி இல்லாத அம்பாஸடரோ பத்மினியோ உங்கள் வீட்டில் இருந்தால், "நமக்கு இதெல்லாம் இல்லை" என்று இருந்துவிடாதீர்கள். அவற்றின் கதவுக்கடியில் ஓடும் பெட்டிகளும் உள்ளே வெற்றிடம்தான், அவையே எலும்பு. கதவின் அடிப்பாகத்திலும் வடியும் துவாரங்கள் உண்டு. சுத்தம் செய்யும் முறையும் இதேதான்.

இந்த வருஷமே எல்லாவற்றையும் செய்ய முடியாவிட்டால், ஒன்றை மட்டும் இந்த வாரம் செய்யுங்கள். ஒரு கெட்டிக் கம்பியை எடுத்துக்கொண்டு, அடைத்த துவாரங்களை எல்லாம் குத்தித் திறந்து விடச் சொல்லுங்கள். காசு செலவில்லை, அரை மணி நேர வேலை. உள்ளே தேங்கியது வடியும், காற்று நுழையும், துரு வேகம் குறையும். பிறகு வருஷா வருஷம் புரட்டாசி பிறக்குமுன் ஒரு தடவை திறந்து பார்த்து, தேவையான இடத்தில் மெழுகு தெளித்துவிட்டால் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் மெழுகு டப்பாவோடு கிளம்பும்போது, அவர் கையில் அந்தக் கம்பியைக் கொடுங்கள். "மேலே அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்; முதலில் கீழே" என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள்.